காருக்கு எண்ணெய் தேய்த்த தீபாவளி

ரங்கூனில் குளிர்காலம் என்று ஒன்று இருப்பதாக என் அப்பாவைப்போல நம்பியவர் அந்த ஊரில் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. மழை நின்று சேறு காய்ந்ததும், விடியற்காலையில் ஒரு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டால் தேவலை என்று தோன்றும். வெயில் ஏறியதும் அதே துண்டால் வியர்வையைத் துடைத்துக்கொள்வோம். எங்கள் குளிர் அவ்வளவுதான். ஆனால் சொந்தமாக வாடகைக் கார் ஓட்டத் தொடங்குவதற்கு முன்னால் அப்பா ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் டிரைவராக இருந்தவர். தண்ணீர் கல்லாக உறைந்துபோகும் தேசத்திலிருந்து வந்தவர் அந்தத் துரை. குளிர் வருவதற்கு முன் காரின் பெல்ட்டையும் ரப்பர் குழாய்களையும் சோதித்துவிட வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். துரை கப்பலேறிப் போய்விட்டார். சட்டம் எங்கள் வீட்டில் தங்கிவிட்டது.

நாங்கள் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு மர வீட்டில் குடியிருந்தோம். பர்மா இன்னும் இந்தியாவோடு ஒட்டிக்கொண்டிருந்த காலம் அது. ஐப்பசியில் மழை ஓய்ந்ததும் அப்பா ஒரு நாள் காரை வாசலில் நிறுத்தி எஞ்சின் மூடியைத் திறந்து வைப்பார். அன்று சவாரி கிடையாது. எஞ்சினுக்கு முன்னால் இருக்கும் விசிறியைச் சுற்றவைப்பது ஒரு தோல் வார், அதுதான் பெல்ட். அதை மடித்து, மடிப்பில் வெடிப்பு தெரிகிறதா என்று பார்ப்பார். பிறகு தண்ணீர் போய்வரும் ரப்பர் குழாய்கள், அவர் பாஷையில் ஓஸு. வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டு அவற்றை அமுக்குவார். கொழகொழவென்று இருந்தாலும் ஆகாது, விறைத்துக் கிடந்தாலும் ஆகாது. கடைசியாக விரலை மோந்து பார்ப்பார். இவ்வளவையும் வாயை மூடிக்கொண்டு செய்கிற பழக்கம் அவருக்கு இல்லை. தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் கேட்கும்படி பேசிக்கொண்டேதான் செய்வார். அந்தப் பேச்சில் தவறாமல் வருவது ஒன்று உண்டு.

"எது வேணா ஆகட்டும், பெல்ட்டுல மட்டும் எண்ணெ படக் கூடாது. பட்டுச்சோ, வழுக்கிக்கிட்டே நிக்கும். விசிறி சுத்தாது. காரு நடுரோட்டுல படுத்துக்கும்."

எங்கள் தெருவில் எல்லோருக்கும் இது மனப்பாடம். தமிழில் வேறு ஒரு வார்த்தையும் தெரியாத எங்கள் பால்காரர்கூட அப்பாவைக் கண்டால் இதைச் சொல்லிக்காட்டிச் சிரிப்பார்.

வீட்டில் அப்பா, நான், சித்தி என்று மூன்று பேர். சித்தி என் அம்மாவின் தங்கை. நான் தவழும்போதே அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ளக் கொஞ்ச நாளைக்கு என்று ஊரிலிருந்து அனுப்பப்பட்டவள் சித்தி. அந்தக் கொஞ்ச நாள் எனக்கு எட்டு வயதாகும்வரை நீண்டுவிட்டது. அம்மா முகம் எனக்கு ஞாபகமில்லை. அம்மா என்று நினைத்தால் சித்தியின் முகம்தான் வரும், இன்றைக்கும் அப்படித்தான்.

அப்பாவும் சித்தியும் நேருக்கு நேர் பேசிக்கொண்டு நான் பார்த்ததில்லை. இருவருக்கும் நடுவில் நான்தான் தபால்காரி. அப்பா எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். சித்தி என்னிடம், "சோறு ஆயிருச்சுன்னு அப்பாகிட்ட சொல்லு" என்பாள். நான் திரும்பி, "சோறு ஆயிருச்சாம்" என்பேன். "மீன் கொழம்பு நல்லா இருந்துச்சுன்னு சித்திகிட்ட சொல்லு" என்பார் அப்பா, கையைக் கழுவிக்கொண்டே. அதையும் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். எல்லா வீட்டிலும் பிள்ளைகளுக்கு இதுதான் வேலை என்று நினைத்திருந்தேன். அப்பா குழம்பைப் பற்றிச் சொன்னால் மட்டும், அதே வார்த்தையை இன்னொரு தடவை சொல்லச் சொல்லி சித்தி ஏன் கேட்கிறாள் என்பது எனக்கு விளங்காது. இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு காது கேட்காதா என்று சலித்துக்கொள்வேன்.

இந்த ஏற்பாட்டுக்கு உலை வைத்தவர் பெரியப்பா. அப்பாவின் அண்ணன், ரங்கூனிலேயே அலோன் பகுதியில் ஆற்றோரக் கிடங்கு ஒன்றில் மேஸ்திரி. கனத்த உடம்பு, கனத்த குரல். எங்கள் சொந்தத்தில் எதற்கும் அவர் வாய்தான் கடைசி வாய். சகுனம் பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. பூனை குறுக்கே போனதென்று கிடங்குக்கே போகாமல் வீடு திரும்பியவர். யாராவது தும்மினால் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மறுபடி கிளம்புவார். அவர் ஒரு நாள் சாயங்காலம் வந்து, வெற்றிலையைப் போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்துச் செய்தியைச் சொன்னார். ஊரில் சித்தியின் தாய்மாமா அவளுக்கு மாப்பிள்ளை பார்த்து முடித்துவிட்டார். இரண்டு மனைவிகளைப் பறிகொடுத்தவர், வளர்ந்த பிள்ளைகள் உள்ளவர், நிலம் இருக்கிறது. கார்த்திகையில் முகூர்த்தம். தீபாவளி கழித்துப் புறப்படும் கப்பலில் சித்தியை ஏற்றி அனுப்புவதாகப் பெரியப்பா வாக்குக் கொடுத்துவிட்டார்.

"பொண்டாட்டி இல்லாத வீட்டுல கொமரிப் பொண்ண எத்தன நாளு வச்சிருப்ப? அலோன்ல பேசுறானுவ. என் காதுல விழுது" என்றார் அப்பாவிடம்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "சரிண்ணே" என்றார். சமையலறையில் ஏதோ ஒரு பாத்திரம் கீழே விழுந்து உருண்டது.

நான் அன்றிலிருந்து பெரியப்பாவை வெறுத்தேன். எவ்வளவு வெறுத்தேன் என்றால், அவர் வாங்கிவந்த வேர்க்கடலை மிட்டாயைத் தின்றுவிட்டு, அவர் இருந்த திசையில் திரும்பிக் காறித் துப்பினேன். சித்தி போய்விட்டால் யார் எனக்குத் தலை பின்னுவார்கள், இடி இடிக்கிற ராத்திரிகளில் யார் காதைப் பொத்துவார்கள் என்பதெல்லாம் இருக்கட்டும். அவள் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்க முயன்றேன், முடியவில்லை. எட்டு வயதுப் பிள்ளையிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. பார்க்கப்போனால் சித்தியிடமும் கேட்கவில்லை.

தீபாவளி வந்தது. சித்தி என்னை உட்காரவைத்து நல்லெண்ணெயைக் காய்ச்சித் தலையில் ஊற்றித் தேய்த்தாள். அடுத்த தீபாவளிக்கு யார் தேய்ப்பார்கள் என்று கேட்டு அழுதேன். அவள் இன்னொரு கை எண்ணெய் எடுத்து ஊற்றித் தேய்த்தாள். குளித்துப் புதுப் பாவாடை கட்டிக்கொண்டு நான் வாசலுக்கு வந்தபோது, சித்தி எண்ணெய்க் கிண்ணத்தோடு காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். எஞ்சின் மூடி திறந்திருந்தது. அப்பா கோயிலுக்குப் போயிருந்தார்.

"என்ன சித்தி பண்ற?"

"இதுவும் நம்ம வீட்டுப் புள்ளதானே? நமக்கெல்லாம் எண்ணெ தேச்சாச்சு, இது மட்டும் காஞ்சு கெடக்கணுமா? பனி வந்தா தோலு வெடிச்சுப் போகும்ல?"

எனக்கு நியாயமாகத்தான் பட்டது. பெல்ட்டும் தோல்தானே. சித்தி அதை உள்ளும் புறமும் தேய்த்தாள். ரப்பர் குழாய்களின் இரண்டு வாயோரங்களிலும் என் காது மடலுக்குத் தேய்ப்பதுபோல் ஊற்றி ஊற்றித் தேய்த்தாள். பிறகு முன்விளக்குகளுக்குப் பொட்டு வைத்தாள். அப்பா ஊருக்கே சொல்லும் பாடம் எனக்கு நினைவுக்கு வராமல் இல்லை. ஆனால் அது எஞ்சினுக்கு ஊற்றுகிற கறுப்பு எண்ணெயைப் பற்றியது என்று வைத்துக்கொண்டேன். தீபாவளி எண்ணெயில் லட்சுமி இருக்கிறாள் என்று சித்தியே எனக்குச் சொல்லியிருக்கிறாள். லட்சுமி போய் யார் காரையாவது கெடுப்பாளா?

மறுநாள் அப்பா வருஷாந்திரச் சோதனைக்கு மூடியைத் திறந்தார். அன்று தெருவுக்குப் பேசவில்லை. பெல்ட்டைத் தொட்டார். விரலை மோந்தார். மறுபடி தொட்டு மறுபடி மோந்தார். தள்ளி நின்ற எனக்கே நல்லெண்ணெய் மணத்தது. உள்ளே அம்மி அரைக்கிற சத்தம் நின்றுபோயிருந்தது. அப்பா பக்கத்தில் கிடந்த துணியை எடுத்தார். பெல்ட்டைத் துடைப்பார் என்று பார்த்தேன். தன் விரலை மட்டும் நன்றாகத் துடைத்துக்கொண்டு மூடியைச் சாத்தினார்.

"சித்திகிட்ட சொல்லு. பெல்ட்டு, ஓஸு எல்லாம் சரியாத்தான் இருக்கு. நாளைக்குக் கப்பல்ல கொண்டுபோய்ச் சேத்துரும்னு சொல்லு" என்றார்.

நான் போய்ச் சொன்னேன். "இன்னொரு தடவ சொல்லு" என்றாள் சித்தி. சொன்னேன். அம்மி மறுபடி அரைக்க ஆரம்பித்தது. கார் இவ்வளவு நல்ல நிலைமையில் இருக்கிறதே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

கப்பல் நாள் காலையில் பெரியப்பா கோட்டு போட்டு, கழுத்தில் கம்பளி மப்ளர் சுற்றி, சங்கிலிக் கடிகாரத்தோடு வந்து இறங்கினார். சித்தியோடு கப்பலில் போகிற குடும்பம் துறைமுகத்தில் காத்திருப்பதாகவும், இந்தக் கப்பலை விட்டால் முகூர்த்தத்துக்குப் போய்ச்சேர வேறு கப்பல் கிடையாது என்றும் சொன்னார். சித்தியின் டிரங்குப் பெட்டியைக் காரில் ஏற்றினார்கள். பெரியப்பா படியில் கால் வைத்த நேரம் பார்த்து, என் கைவசம் இருந்த ஒரே ஆயுதத்தை எடுத்தேன். பலமாகத் தும்மினேன்.

பெரியப்பா அப்படியே நின்றார். என்னைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "பனிக்காலத் தும்மலு கணக்குல சேராது" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார். அப்படி ஒரு விதிவிலக்கு இருப்பதை அன்றுதான் கேள்விப்பட்டேன்.

அப்பா முன்னால் போய் இரும்புக் கைப்பிடியைச் சுற்றினார். கார் எப்போதும் இரண்டு மூன்று தடவை சண்டித்தனம் செய்யும். அன்று ஒரே சுற்றில் கிளம்பித் தொலைத்தது. பெரியப்பா அப்பாவுக்குப் பக்கத்தில். பின்னால் சித்தி, அவள் மடியில் நான். முந்தானையின் ஒரு முனையை என் கையில் சுற்றிக்கொண்டேன்.

பெரிய ரோட்டில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் எதிரே ஊர்வலம். பர்மியர்கள் பிக்குகளுக்குப் புது அங்கி காணிக்கை கொடுக்கிற மாதம் அது. பட்டு லுங்கி கட்டிய பெண்கள் வெள்ளிக் கிண்ணங்களோடு வரிசையாகப் போனார்கள். காணிக்கைகளைத் தொங்கவிட்டு மரம்போல் கட்டிய மூங்கில் சட்டங்களைத் தோளில் சுமந்து ஆண்கள் போனார்கள். மேளம், கைத்தாளம், நடுவில் ஆட்டம். அவர்களுக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

"சந்துல திருப்பிப் போயேண்டா" என்றார் பெரியப்பா.

"சந்துல இன்னும் கூட்டமா இருக்கும்ணே" என்றார் அப்பா. காரை ஊர்வலத்தின் வாலில் ஒட்டி, நடக்கிற வேகத்தில் உருட்டிக்கொண்டு போனார். நான் முன்னால் எட்டிப் பார்த்தேன். மூடியின் ஓரத்திலிருந்து மெல்ல ஆவி வந்தது. பிறகு மெல்ல வரவில்லை. அடுப்பில் மறந்துபோன உலைபோல் கார் கொதித்தது. நல்லெண்ணெய் கருகிய வாடை மூக்கைத் துளைத்தது. திடீரென்று டமாரென்று ஒரு சத்தம். மேல் குழாய் வாயிலிருந்து கழன்று, வெந்நீர் ரோட்டில் கொட்டியது. ஊர்வலத்தின் கடைசி வரிசை துள்ளி விலகித் திரும்பிப் பார்த்தது. பட்டாசு என்று நினைத்த ஒரு கிழவர் கைதட்டினார்.

அப்பா இறங்கி மூடியைத் திறந்து இடுப்பில் கைவைத்து நின்றார்.

"என்னடா ஆச்சு?"

"தண்ணி போயிருச்சுண்ணே. விசிறி சுத்தல."

ஊர்வலத்திலிருந்து ஒரு பர்மியப் பெண் வந்து, "கெய்ஸா மஷிபூ" என்றாள். பரவாயில்லை, ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை என்று அந்த ஊரில் எல்லோரும் எல்லாவற்றுக்கும் சொல்லுகிற வார்த்தை. ஓரத்தில் வழிப்போக்கர்களுக்கென்று புண்ணியத்துக்கு வைத்திருந்த தண்ணீர்ப் பானைகளைக் காட்டினாள். அப்பா கும்பிட்டுவிட்டு, "சூடு ஆறணும். இப்ப ஊத்துனா எஞ்சின் வெடிச்சுரும்" என்று தமிழிலேயே சொன்னார். அவளுக்குப் புரிந்ததோ என்னவோ, சிரித்துக்கொண்டே ஊர்வலத்தோடு போய்விட்டாள்.

ரிக்ஷாக்காரர்கள் வந்து சூழ்ந்தார்கள். எங்கே போகணும், துறைமுகமா, இதோ பத்து எட்டில் போய்விடலாம் என்றார்கள். துறைமுகம் அங்கிருந்து அப்படியொன்றும் தொலைவில்லை. சித்தியின் கை என் தோளை இறுக்கியது. அப்பா நிமிரவே இல்லை. பெரியப்பா ரிக்ஷாக்களைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். சித்தியைப் பார்த்தார். கடைசியில் கடிகாரத்தை எடுத்துப் பார்த்து, மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இவ்வளவு பெரிய பெட்டிய ரிக்ஷாவுல எப்படி ஏத்துறது? போங்கய்யா" என்றார். அவர் கிடங்கில் அதைவிடப் பெரிய பெட்டிகள் ரிக்ஷாவில் வந்து போவதை நானே பார்த்திருக்கிறேன்.

அப்புறம் அவர் என்னையும் கூட்டிக்கொண்டு எதிரே இருந்த ராவுத்தர் டீக்கடைக்குள் போய் உட்கார்ந்து ஒரு டீ சொன்னார். எனக்கும் ஒரு பன் வாங்கித் தந்தார். அவரை வெறுத்துக்கொண்டே தின்றேன். ராவுத்தர், "கப்பலுக்கு நேரமாகலியா மேஸ்திரி?" என்று கேட்டார்.

"ஆகுதுதான்" என்றார் பெரியப்பா. டீயைச் சாசரில் ஊற்றி, ஊதி, ஆற்றி, உறிஞ்சினார். குடித்து முடித்துவிட்டு இன்னொரு டீ சொன்னார்.

"பெரியப்பா, கப்பல் போயிருமா?" என்று கேட்டேன். வாய் கேட்டதே தவிர, போய்த்தொலையட்டும் என்று மனசு கூத்தாடியது.

"நம்ம கையிலயா இருக்கு? டீ எவ்வளவு சூடா இருக்கு பாரு" என்றார்.

அந்த இரண்டாவது டீ பாதியில் இருக்கும்போது ஆற்றுப் பக்கத்திலிருந்து கப்பலின் சங்கு கேட்டது. நீளமாக ஒரு தடவை. தெருவில் எத்தனையோ சத்தம் இருந்தும் எங்கள் நால்வருக்கும் அது மட்டும்தான் கேட்டிருக்கும். பெரியப்பா சாசரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து ரோட்டுக்கு வந்தார்.

"போச்சு. வழியிலேயே வண்டி படுத்துக்கிச்சு. இதுக்கு மேல என்ன சகுனம் வேணும்? இந்தச் சம்பந்தம் ஆகாது. ஊருக்கு நான் தந்தி அடிச்சுச் சொல்லிக்கிறேன்" என்றார்.

அதுவரை கல்லாய் நின்ற அப்பாவுக்குக் கை கால் வந்தது. பானைத் தண்ணீரைக் கொண்டுவந்தார். குழாயைத் துடைத்து மாட்டி முடுக்கினார். முன் சீட்டுக்கு அடியிலிருந்து துணியில் சுற்றிய புத்தம் புதிய பெல்ட் ஒன்றை எடுத்துப் பூட்டினார். ரிக்ஷாக்காரர்கள் பீடி பிடித்து முடிப்பதற்குள் கார் உறுமியது. பெரியப்பா அந்தப் புதுப் பெல்ட்டைப் பார்த்தார். உடனே தலையைத் திருப்பி, மேலே போகிற காக்கைகளைக் கவனிக்க ஆரம்பித்துவிட்டார். இந்த அப்பா எவ்வளவு கெட்டிக்காரர், எதற்கும் தயாராக இருக்கிறாரே என்று எனக்கு ஒரே பெருமை.

சகுனத் தடை ஏற்பட்ட பெண் வேண்டாமென்று ஊரில் மாப்பிள்ளை வீட்டாரும் சொல்லிவிட்டார்கள். அடுத்த தை மாதம் பெரியப்பாவே முன்னின்று, ரங்கூன் கோயிலில், அப்பாவுக்கும் சித்திக்கும் தாலி எடுத்துக் கொடுத்தார். அலோன்காரர்கள் வாய் மூடியது. மூன்று பேரும் எனக்குப் பிள்ளைப்பருவம் என்ற ஒன்றை முழுசாகக் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். அதை நினைக்காமல் நான் விளக்கேற்றுகிற நாள் கிடையாது. சித்தியிடம், கிழவியான பிறகு, வேண்டுமென்றேதானே எண்ணெய் தேய்த்தாய் என்று கேட்டேன். "பனிக்குத் தோலு வெடிக்கும்ல?" என்றாள், கண்ணில் நீர் வரும்வரை சிரித்துக்கொண்டே. அப்பாவிடம் கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. பெரியப்பாவிடம் கேட்க வேண்டும் என்று தோன்றுவதற்குள் அவர் போய்விட்டார். கொடுத்த வாக்கைத் தன் வாயால் மீற முடியாத அந்த மனிதர், டீயை அத்தனை நேரம் ஆற்றியதற்காகவாவது அவர் காலில் நான் விழுந்திருக்க வேண்டும்.

அன்று திரும்பி வந்த வழிதான் இன்னும் கண்ணில் நிற்கிறது. எனக்கு எழுந்து நின்று கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் கப்பலைத் தவறவிட்ட பெரியவர்கள் மூவரும் மனம் உடைந்திருக்கிறார்களே, அவர்கள் முன்னால் சிரித்தால் பாவமல்லவா என்று நினைத்து, உதட்டைக் கடித்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டேன். பெரியப்பா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தார். அப்பாவும் அப்படித்தான். சித்தி தலையைக் குனிந்து முந்தானையால் வாயை மூடியிருந்தாள். துக்க வீட்டுக்குப் போகிறவர்கள்போல ஒருவரும் ஒரு வார்த்தை பேசாமல் வீடு வந்து சேர்ந்தோம். அந்தக் காரில் பொய்யாக முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.